மெதுவண்ணனின் காரை யாருக்கு விற்பது

எதிர்வீட்டு அம்மா கொடியில் உலர்த்தியிருந்த ஈரப் போர்வை மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு ஓர் உயிர் போயிருக்கும். கடவுள்தான் போர்வையாக வந்தார் என்று வாளியக்கா இன்றைக்கும் சொல்வாள். கார் திறந்திருந்த கேட்டைத் தாண்டிப் பாய்ந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்தில் முட்டியது. கம்பம் சாய்ந்தது. போர்வை பொத்தென்று காரின் முன்கண்ணாடி மேல் விழுந்தது. வெளியே ஒன்றும் தெரியாமல் போகவே உள்ளே இருந்தவர் பதறிப்போய்ச் சாவியைத் திருப்பிவிட்டார். வண்டி நின்றது. அது நின்ற இடத்துக்கும் எதிர்வீட்டு அம்மாவின் முதுகுக்கும் நடுவே ஒரு துணிக்கூடை மட்டும்தான் இருந்தது.

“உன் புருஷன் துணியோட சேத்து என்னையும் துவைச்சிருப்பாரு!” என்று அந்த அம்மா கத்தினார். கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டு நின்ற வாளியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் யாரைப் போய்ப் பார்ப்பது? அழுகிறவரையா, காருக்குள் இருக்கிறவரையா? காருக்குள் இருந்தவர் அவளுடைய கணவர். போர்வையை விலக்கிப் பார்த்தபோது அவர் ஸ்டியரிங்கை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, குறும்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மா... உருட்டி... பாத்தேன்,” என்றார்.

வாளியக்கா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் தரை துடைப்பது அவள் வேலை. லிஃப்டில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று மேலாளர் ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு படியேறிப் படியேறி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. பளபளவென்று இருக்கும் தரையில் தன் முகம் மங்கலாகத் தெரியும்போது, ‘கடவுளே, இன்னைக்குப் பொழுதுக்கு நான் செஞ்ச நல்லது இதுதான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். எந்த அழுக்காக இருந்தாலும் சோப்பும் தண்ணீரும் போதும் என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவளை என்ன பாடு படுத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

அவள் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். ஸ்டாண்டில் அவருக்கு மெதுவண்ணன் என்று பெயர். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவர் வண்டியைக் கண்டால் அடுத்த வண்டிக்குத் தாவிவிடுவார்கள். வயிற்றில் தையல் போட்டவர்கள், மாசமாக இருக்கிறவர்கள், மருந்து வாசனையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறவர்கள், இவர்களெல்லாம் அவர்தான் வேண்டும் என்று காத்திருந்து ஏறுவார்கள். “அண்ணன் வண்டியில ஏறினா போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள பொறந்து, பேரும் வெச்சுடலாம்” என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பார். ஒருத்தர் மேலும் மோதியது இல்லை. ஒரு நாய்க்குட்டி கூட அவர் சக்கரத்தில் அடிபட்டது இல்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வாய் கோணிச் சாய்ந்தார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோது வாளியக்கா ஆஸ்பத்திரித் தரையிலேயே மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். வலது கை ஓரளவு வரும், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரும், வலது கால் மட்டும் பழையபடி வராது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தானே. இதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. இப்போதுதான் கண் விழித்தார், இப்போதுதான் ஒரு வார்த்தை பேசினார், இப்போது போய்ச் சொல்வதா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ மேடத்துக்கு மெதுவண்ணனை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. “இவர மாதிரி யாரும் செய்யறதில்லம்மா. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லமாட்டார். ஏன் தெரியுமா? நடக்கறதுக்கு இல்ல, திரும்ப வண்டி ஓட்டறதுக்கு! அந்த ஆசைய மட்டும் அணைச்சுடாதீங்க. அது போச்சுன்னா படுத்துடுவார். படுத்தவங்கள எழுப்பறது கஷ்டம்.”

இதுதான் வாளியக்காவின் கழுத்தில் விழுந்த இரண்டு பக்கச் சுருக்கு. கார் இருந்தால் தெருவில் யாராவது சாகலாம். கார் போனால் வீட்டுக்குள் இவர் படுத்துவிடலாம்.

கார் சாவியைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்துவிட்டு, போர்வை விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே மகளிடம் காரை விற்கும் பேச்சை எடுத்தாள். மகளுக்கு மருந்துக் கடையில் வேலை. எதையும் செல்போனைத் தடவியே முடித்துவிடுகிற பெண்.

“இதுக்கா இவ்ளோ யோசிக்கற? பழைய கார் வாங்கற கம்பெனி இருக்கும்மா. வீட்டுக்கே வந்து பாப்பாங்க, படம் எடுப்பாங்க, அன்னைக்கே வண்டிய லாரி மேல ஏத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“அப்பா எங்க இருப்பார் அந்த நேரத்துல?”

“ஜன்னல்கிட்ட... சேர்ல...” மகளின் குரல் இறங்கிவிட்டது.

“அதான். வீட்ல இருந்து ஆளத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். வேணாம்.”

மறுநாள் வேலை முடிந்ததும் பழைய கார் வாங்கி விற்கும் தரகரைப் பார்க்கப் போனாள். அந்த இடத்தில் கார்கள் டயருக்கெல்லாம் மை பூசிக்கொண்டு வரிசையாக நின்றன. தரகர் நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். காரின் வயதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

“இது ஓட்டற வண்டியா இருக்காதும்மா. உடைக்கற வண்டி.”

“உடைக்கற வண்டின்னா?”

“பிரிச்சு வித்துடுவோம். கதவு ஒருத்தருக்கு, சீட்டு ஒருத்தருக்கு, இஞ்சின் ஒருத்தருக்கு. நீங்க கவலையே படாதீங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிடும்.”

அவர் வரவழைத்த டீயை வாளியக்காவால் குடிக்க முடியவில்லை. யாரோ தன் வீட்டு மனிதரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. “யோசிச்சு சொல்றேங்க” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்து ஹாரன் வந்தான். அவனும் ஸ்டாண்டுக்காரன்தான். முன்னால் ஆள் இல்லாவிட்டாலும் ஹாரன் அடித்துக்கொண்டே போவதால் அந்தப் பெயர். மெதுவண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

“அண்ணி, வண்டிய எனக்குக் குடுங்க. ஸ்டாண்டுலயே நிக்கும். அண்ணனுக்குத் தோணும்போதெல்லாம் வந்து தடவிக் குடுத்துட்டுப் போகலாம்.”

அதைக் கேட்டதும் அவளுக்கு மனசு குளிர்ந்தது. மகள்தான் அவன் போனதும் அந்த ஆசையில் தண்ணீரை ஊற்றினாள்.

“தினம் பாத்தார்னா தினம் சாவி கேப்பார்மா. ஹாரன் மாமாவும் அண்ணே அண்ணேன்னு உருகிட்டுக் குடுத்தும் தொலைப்பாரு. அப்பறம் போர்வை விழும்னு என்ன நிச்சயம்?”

அதுவும் சரிதான். கடைசியில் போனில் விளம்பரம் போட்டு, தெரியாத யாருக்காவது நேராக விற்றுவிடுவது என்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள். அவருக்குத் தெரியாமல், அவர் பிசியோவுக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், விலை படிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள்.

வாங்க வருவதாகச் சொன்னவர் பேக்கரி வைத்திருப்பவர். அன்றைக்கு வாளியக்கா லீவு போட்டாள். கணவரும் மகளும் கிளம்பிப் போனதும் சாவியைத் தோண்டி எடுத்து, காரின் மூக்கான பானெட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கெட்டியாகப் படிந்திருந்தது. அவளுக்குத் திக்கென்றது. வெளியே துடைத்து வைத்துக்கொண்டு உள்ளே இவ்வளவு அழுக்கை மூடி மறைத்து ஒருவர் தலையில் கட்டுவதா? அது பொய் சொல்வது இல்லையா? அவளுக்குத் தெரிந்த நியாயப்படி அதற்கு ஒரே பரிகாரம்தான் இருந்தது. இரண்டு வாளி சோப்புத் தண்ணீர் கலக்கினாள். படிக்கட்டு மூலையெல்லாம் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு வயர் விடாமல், ஒரு மூடி விடாமல் தேய் தேய் என்று தேய்த்தாள். பிறகு ஹோஸ் பைப்பைப் பிடித்து விட்டாள் தண்ணீரை. இஞ்சின் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

பேக்கரிக்காரர் வந்தார், மூக்கைத் திறந்து பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கர்ர்ர்... கர்ர்ர்... மறுபடியும் கர்ர்ர். அவ்வளவுதான்.

“என்னம்மா, குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க? சளி புடிச்சுடுச்சு போல!”

வாளியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பிசியோ மேடத்துக்குக் காய்ச்சலாம், பயிற்சி இல்லையாம். முன்சீட்டிலிருந்து கோலை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்த மெதுவண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்.

“தண்ணி... யாரு... ஊத்துனது?” என்றார் அவசரமாக. மனைவியின் நனைந்த உடுப்பைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. உதட்டில் சிரிப்பு கூட எட்டிப் பார்த்தது. அதற்குள் பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார்.

“சார், விக்கற வண்டின்னா ஓட விட்டுக் காட்டணும் இல்ல?”

“விக்கற... வண்டியா?”

சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது. மகள் தரையைப் பார்த்தாள். பேக்கரிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, “நான் அப்பறம் வர்றேன்” என்று நழுவிவிட்டார்.

மெதுவண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு நாற்காலியைக் காரின் மூக்குக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, கோலை நீட்டிக் காட்டினார். “அந்த... மூடி. கழட்டு. இல்ல... பக்கத்துல.” அவள் கழற்றினாள். உள்ளே தண்ணீர் தேங்கி நின்றது. துணியால் ஒற்றினாள். மகள் தன்னுடைய முடி காய வைக்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். தலைக்குக் குளித்த பெண்ணுக்குச் செய்வது போல வாளியக்கா ஒவ்வொரு வயராகத் தூக்கிப் பிடித்துச் சூடு காட்டினாள். வேறு சமயமாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்றைக்கு அந்த மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெயில் சாயும் நேரத்தில் இஞ்சின் இருமி, செருமி, ஓட ஆரம்பித்தது. அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போதும். அணை,” என்றார். எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் காலை அவர் பயிற்சிக்கு எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். கொடுத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்குத் தலையாட்டினார். பேச்சு மட்டும் இல்லை. காய்ச்சல் தீர்ந்து வீட்டுக்கே வந்து பார்த்த பிசியோ மேடம் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இறுகிட்டே வருதும்மா. நான் சொன்னேனே” என்றார். வாளியக்கா வேலை செய்யும் இடத்தில் படியேறும்போது, வாளியைக் கீழே வைத்துவிட்டு யாரும் பார்க்காத திருப்பத்தில் நின்று அழுதாள். ‘சாமி, நான் கெட்டது நெனைக்கல. எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியல. ஒரு வழி காட்டு’ என்று கேட்டாள். வழி ஒன்றும் பளிச்சென்று தெரிந்துவிடவில்லை. இனிமேல் எதையும் மறைக்க முடியாது, அந்தப் பாரத்தைத் தூக்கத் தன் தோளில் பலம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, முகம் கூடக் கழுவாமல், கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, எனக்கு அந்தக் கார் மேல கோவம் இல்லீங்க. நம்ம வீட்டுக்கு சோறு போட்டது அது. எனக்கு பயம். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட வெளியவே வர்றதில்ல. மாடிக்குத் தூக்கிட்டுப் போறாங்க, முட்டி வலியோட.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு, உங்களால இனிமே ஓட்ட முடியாதுன்னு. நாந்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “பாதி... தெரியும்.”

“எப்படி?”

“கால்... என்னோடது.”

“தெரிஞ்சுமா அன்னைக்கு வண்டிய எடுத்தீங்க?”

“கால்கிட்ட... கேட்டுப் பாத்தேன்.” இந்தப் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “மீதி பாதிக்கு... தான்... தினம்... நடந்தேன்.”

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அவருடைய இறுகிப்போன காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். அவராகவேதான் பிறகு சொன்னார்.

“வித்துடு. ஆனா... நான் பாத்து. பக்கத்துல... உக்காந்து.”

இப்படித்தான் காரை விற்பது மெதுவண்ணன் கைக்கு வந்தது. யார் வந்தாலும் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவார். ஓட்டும் விதம் பிடித்தால்தான் விலைப் பேச்சே. படுக்கையிலிருந்து கார் வரைக்கும் அவர் கோலை ஊன்றி நடந்தே போவார், யாரும் பிடிக்கக் கூடாது. முதல் நாள் அதைப் பார்த்து வாளியக்காவுக்கு வாயெல்லாம் பல். படுத்த மனிதர் எழுந்துவிட்டாரே!

ஆனால் யாருமே தேறவில்லை. ஒருவர் ஓட்டிக்கொண்டே போனில் பேசினார். ஒருவர் பாட்டை அலறவிட்டார். பேக்கரிக்காரர் சொன்னபடி திரும்ப வந்தார், நல்ல விலையும் சொன்னார், “கிளட்ச் மேல... காலை வெச்சுட்டே... இருக்கான்” என்று அவரும் கழிக்கப்பட்டார். ஹாரனும் விடாமல் வந்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். அவன் அடித்த ஹாரன் தெருமுனை திரும்பும் வரை கேட்டது.

“எப்படிண்ணே நம்ம ஓட்டு?”

“காது... போச்சு.”

“அண்ணே, ஹாரன் நல்லா இருக்கான்னு செக் பண்ணேண்ணே!”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா கார் விக்கறாரா, எனக்கு மாப்பிள்ளை பாக்கறாரா? இவ்ளோ கேள்வி எனக்குக் கூடக் கேக்க மாட்டார் போல.”

வாளியக்கா சிரிக்கவில்லை. அவளுடைய பிரார்த்தனையே தாறுமாறாகிவிட்டது. ஆள் வரும்போது ‘இவர் வாங்கிடணும்’ என்று வேண்டுவாள். கணவர் கோலை ஊன்றிக் கதவுக்கு வரும்போது ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்று வேண்டுவாள். எதைக் கொடுப்பது என்று கடவுளுக்கே குழப்பம் வந்திருக்கும். மாடியிலிருந்து எதிர்வீட்டு அம்மா வேறு, “என்னம்மா, இன்னும் வாசல்லயே நிக்குது?” என்று தினம் ஒரு தடவை கேட்பார்.

ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியவள் கேட்டைத் திறந்தபோது காரின் கதவுப் பிடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். தொட்டு மோந்தாள். கோதுமை மாவு. உள்ளே போய் டப்பாவைப் பார்த்தாள். சாவி உள்ளேதான் இருந்தது, ஆனால் அவள் புதைத்த இடத்தில் இல்லை, மேலாகக் கிடந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் இடது கை நகக்கண்ணில் வெள்ளை படிந்திருந்தது. வண்டியை நகர்த்தினாரா, வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தாரா, அவள் கேட்கவில்லை. ஒரு ஈரத் துணியைக் கொண்டுவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

“அடுத்து யாரு வந்தாலும் குடுத்துடணும்ங்க,” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். “ம்,” என்றார்.

அடுத்து வந்தது ஒரு தையல்காரம்மா. பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சண்டை போட்டு அலுத்து, இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருந்தார். சீட்டில் உட்கார்ந்ததுமே அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வண்டி கேட்டுக்குள்ளேயே குலுங்கி அணைந்தது. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அணைந்தது.

“மன்னிச்சுக்கோங்கண்ணே. எனக்கு பயம்.”

“நல்லது,” என்றார் மெதுவண்ணன்.

கார் ஊர்ந்து தெருவுக்குப் போனது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், வசை பாடினார்கள், ஒதுங்கிப் போனார்கள். கார் ஊர்ந்துகொண்டே முனையில் திரும்பி மறைந்தது. மற்றவர்கள் எல்லாம் உடனே திரும்பிவிடுவார்கள். இவர்கள் வரவே இல்லை. கேட்டில் நின்ற வாளியக்கா தெருவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எங்காவது முட்டிவிட்டார்களா? ஒருவேளை இவர் அந்த அம்மாவை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாரா? ஏதேதோ நினைத்துக்கொண்டாள். கடைசியில் முனையில் வண்டியின் மூக்கு தெரிந்தபோது, ஓட்டும் இடத்தில் அந்த அம்மாதான் இருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

தையல்காரம்மா சொன்ன விலை மற்றவர்கள் சொன்னதைவிடக் குறைவு. மகள் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். மெதுவண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, “இவங்களுக்கு” என்றார். பேச்சு முடிந்தது. இடது கையால் கையெழுத்துப் போட்டார், எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

எல்லாம் ஆன பிறகும் அவர் காரைவிட்டு இறங்கவில்லை. தையல்காரம்மா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெதுவண்ணன் தானாகவே கதவைத் திறந்து, காலை எடுத்து வெளியே வைத்து, கோலை ஊன்றி எழுந்தார். மகள் நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கார் கேட்டைத் தாண்டும்போது மறுபடி குலுங்கி அணைந்தது.

“கிளட்ச்!” என்று கத்தினார். பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு தெளிவாக அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. கார் போய்விட்டது. அன்றைக்கு முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வாளியக்கா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். கார் நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. எதிர்வீட்டு அம்மா புதுக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆபத்து நீங்கியது என்று கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்கியவளுக்குப் பாதியிலேயே வார்த்தை நின்றுவிட்டது. மற்ற ஆபத்து கட்டிலில் கிடக்கிறதே.

கட்டிலுக்குப் போனாள். அவர் விழித்துத்தான் இருந்தார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

“எழுந்திரிங்க. நேரமாச்சு. கொஞ்சம் நடக்கலாம்.”

“எங்க... போக?”

வண்டியில் ஏறிய எத்தனையோ பேரிடம் எத்தனையோ வருஷம் அவர் கேட்ட கேள்வி. நீங்க குணமாகணும், உடம்புக்கு நல்லது, மேடம் திட்டுவாங்க என்றெல்லாம் சொல்லலாம். அவருக்கு அதெல்லாம் ஓர் இடமே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

“கேட் வரைக்கும்,” என்றாள்.

“அங்க... என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.” அவள் குரல் உடைந்தது. உடைந்தபடியே விடாமல் சொன்னாள்: “ஒண்ணும் இல்லன்னு ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வரலாம், வாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மேலாளர் கத்தினால் கத்தட்டும் என்று அப்படியே நின்றாள். மனசுக்குள் ஒரு வேண்டுதலும் வரவில்லை, சும்மா நின்றாள். ரொம்ப நேரம் கழித்துப் போர்வைக்குள் ஏதோ அசைந்தது. நல்ல கால்தான். அது மெல்லக் கட்டிலின் விளிம்புக்கு வந்து, தரையைத் தொட்டு, இன்னொரு காலுக்காகக் காத்திருந்தது.